பலாப்பிஞ்சில் பிறந்த வாலிபால்

வாலிபால் என்னும் ஆட்டம் அமெரிக்காவில், ஓடினால் மூச்சு வாங்கும் நடுவயது வியாபாரிகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று உலகம் தப்பாக நம்பிக்கொண்டிருந்த காலத்தில், கொல்லிமலை எடப்புளி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் சென்றாயன் என்ற வாலிபன் மரவள்ளிக் காட்டுக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே அதை ஆடிக்கொண்டிருந்தான். நன்றாகவே ஆடினான். மைதானம் சரிவில் இருந்தது. பந்தை வெளியே அடித்தவன்தான் பள்ளத்தில் இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். ஏறி வருவதற்குள் நாக்குத் தள்ளிவிடும் என்பதால், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கோட்டுக்குள்ளேயே விழும்படி அடிக்க அவன் பழகியிருந்தான். ஒரு தடவையாவது டிவியில், நாலு பேர் பார்க்க ஆடிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசையில் தப்பில்லை. தப்பு ஜீப்பில் வந்தது.

ஜீப்பில் வந்தவர் ரமேஷ்குமார், மலை விளையாட்டு மேம்பாட்டு வாரியத்தின் சிறப்புப் பணி அலுவலர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பாரபட்சமின்றி வாந்தியெடுத்துக்கொண்டு வந்து சேர்ந்த அவர், முகம் கழுவியதும் விஷயத்தைச் சொன்னார். மலைக்கு ஓர் அணி என்று தொழில்முறை வாலிபால் லீக் தொடங்கப்போகிறார்கள். வீரர்களை ஏலம் எடுப்பார்கள், டிவியில் காட்டுவார்கள், பாட்டுப் போடுவார்கள். பேளுக்குறிச்சியில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் தனபால், கொல்லிமலை அணிக்கு முதலாளியாக இருக்கச் சம்மதித்தும் விட்டார். ஒரே ஒரு குறைதான் பாக்கி.

"தொன்மை வேணும்" என்றார் ரமேஷ்குமார்.

"என்னதுங்க?"

"தொன்மை. ஒவ்வொரு அணிக்கும் முன்னோர் வழித் தொடர்பு இருக்கணும்னு மேலிடத்து உத்தரவு. இப்ப அதுதான் எல்லா எடத்துலயும் ஓடுது. இங்க வாலிபால் எப்ப வந்துச்சு?"

"நான் எட்டாவது படிக்கறப்ப டிரில் மாஸ்டர் ஒரு நெட்டு வாங்கியாந்தாருங்க."

"டிரில் மாஸ்டர் முன்னோர்ல சேர மாட்டாரு. அப்ப இந்த மலைக்கு டீம் கிடையாது. மேற்படி கோரிக்கை ஏற்புடையதன்றுன்னு எழுதிட வேண்டியதுதான்."

பேனாவின் மூடி திறந்தது. சென்றாயன் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்தில் பிஞ்சு விட்டிருந்த பலாமரம் ஒன்று நின்றது. ஆபத்து வந்தால் மனுஷன் கைக்கு எட்டியதைத்தானே பிடிப்பான்?

"இல்லீங்க, அதுக்கு முன்னாடியே உண்டுங்க. எங்க அப்புச்சிக்கு அப்புச்சி காலத்துல, வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னு பலாப்பிஞ்சத் தட்டி வெளையாடுவாங்களாம்."

பேனா காற்றிலேயே நின்றது. "எத்தனை தட்டு?"

"மூணுங்க. அதுக்கு மேல தட்டுனா முள்ளுக் குத்தி ரத்தம் வந்துருமில்லீங்க?"

"எத்தனை பேர்?"

"பக்கத்துக்கு ஆறு பேருங்க. வேலித் தகராறு பங்காளிங்களுக்குள்ளதானே வரும்? ரெண்டு ஊட்டுலயும் ஆறு ஆறு பேரு."

"சுத்தி வந்து எடம் மாத்துறாங்களே, அது?"

"கை எரியறவன் பின்னால போயிருவானுங்க. முன்னால வேற ஆளு வந்துதானே ஆகோணும்."

ரமேஷ்குமார் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "லிபெரோன்னு ஒருத்தன் உண்டு. அவனுக்கு மட்டும் வேற கலர் சட்டை. அவன் மட்டும் வலைக்கு மேல ஓங்கி அடிக்கக் கூடாது. அதுக்கு என்ன சொல்றீங்க?"

சென்றாயன் அதற்கும் அசரவில்லை. "அது ஊட்டு மாப்பிள்ளைங்க. புதுச்சட்டை போட்டிருப்பாரு. மாமனார் ஊட்டுல கை ஓங்கலாமுங்களா?"

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளைக்காரன் மாப்பிள்ளை வரைக்கும் விடாமல் திருடிக்கொண்டு போயிருக்கிறானே என்று நொந்துகொண்டார்.

அதன்பின் காரியங்கள் அரசு வேகத்தில் நடக்கவில்லை, வேகமாகவே நடந்தன. ஆய்வுக்குழு வந்தது. பலாமரத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டது. ஊரில் எல்லோருக்கும் திடீரென்று ஞாபகசக்தி பெருகியது. என் பாட்டன்தான் முதல் சர்வீஸ் போட்டான் என்று ஒருவர் சொன்னால், வலை கட்டியதே என் பாட்டன்தான் என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். சென்றாயனின் மனைவி மாதம்மாள், "உங்கப்புச்சி சீட்டாடித்தானே காட்டத் தோத்தாருன்னு சொல்லுவாங்க?" என்று முதல் நாள் கேட்டாள். இரண்டாம் நாள் வாசலூர்பட்டி படகு இல்லத்தருகே கடை போட்டு, 'ஆதி வாலிபால்' என்று பலாப்பிஞ்சு விற்க ஆரம்பித்தாள். சுற்றுலா வந்தவர்கள் அதைத் தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஏலமும் நடந்தது. கேரளாவிலிருந்து மூவர், வடக்கேயிருந்து இருவர், பிரேசிலிலிருந்து ஒருவர் என்று கொல்லிமலையின் மண்ணின் மைந்தர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சென்றாயன் தனபாலிடம் ஓடினான்.

"ஏனுங்க, எனக்கு டீம்ல எடம்?"

"ஏஞ்சாமி, டீம்ல எவன் வேணும்னாலும் ஆடலாம். பலாப்பிஞ்சு தட்ட அந்த பிரேசில்காரனால ஆகுமா? உன்னையப் பாரம்பரியக் கலைஞராப் போட்டிருக்குது. அது பெரிய எடம்."

பெரிய இடம் என்பது விளம்பர இடைவேளை. ஆட்டம் நிற்கும்போதெல்லாம் சென்றாயனும் ஊர்ப் பையன்களும் இடுப்பில் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு நாமக்கல் உள்விளையாட்டரங்கில் இறங்கி, வெறுங்கையால் பலாப்பிஞ்சை மூன்று தட்டுத் தட்டினார்கள். கையில் முள் ஏறியது, பால் பிசுபிசுத்தது. கூட்டம் விசிலடித்தது. வாலிபால் மறுபடி தொடங்கியதும் டீ குடிக்கப் போனது.

ஒரு நாள் காலையில், யாரும் இல்லாத அரங்கில், சென்றாயன் நிஜப் பந்தை எடுத்து ஆசை தீர அடித்துக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் சுதாகர் கதவோரம் நின்று பார்த்தார். அடித்ததெல்லாம் கோட்டுக்குள் விழுந்தது.

"வடக்கத்திப் பையன் ஒருத்தனுக்குக் கணுக்கால் பிசகிப்போச்சு. நாளைக்கு நீ எறங்கு. இன்னிக்கு மட்டும் அந்தச் சனியன் புடிச்ச பலாப்பிஞ்சைத் தொடாதே" என்றார்.

சென்றாயனுக்கு அது எத்தனை வருஷத்து ஆசை. அழுதுவிடுவோமோ என்று பயந்து தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நேரே ரமேஷ்குமாரிடம் போனான்.

"சார், இன்னிக்குத் தட்ட முடியாதுங்க. நாளைக்கு டீம்ல ஆடச் சொல்லிட்டாங்க."

"இன்னிக்கா? இன்னிக்கு நேரலை இருக்கே. பாரம்பரியம் நின்னா பதில் சொல்றது யாரு?"

"பாரம்பரியமெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். டீம் வேணுமேன்னு நானாச் சொன்ன கதைங்க அது."

ரமேஷ்குமார் கோபப்படவில்லை. ஆய்வுக்குழு ஒப்புக்கொண்டதை மறுக்க அவனுக்கு என்ன தகுதி என்றுகூடக் கேட்கவில்லை. நிதானமாக, "அப்ப பக்கத்து மலைக்காரன் சொல்றதுதான் நிஜமா?" என்றார்.

"அவனென்ன சொல்றான்?"

"வாலிபால் அவங்க மலையிலதான் பொறந்துச்சாம். சீத்தாப்பழத்துல."

சென்றாயனுக்குச் சுருக்கென்றது. "சீத்தாப்பழமா? ஒரு தட்டுக்கே சட்னியாயிருமே. மூணு தட்டுக்கு எங்க போவான் அவன்?"

"கொல்லிமலைக்காரங்க மூணு தட்டோட நிறுத்துனது பயத்துலதான்னும் சொல்றான். சாயங்காலம் இதே அரங்குக்கு வந்து டிவியில சொல்லப்போறான்."

"நாங்களா பயந்தோம்? எங்கப்புச்சி தட்டுன தட்டுக்கு..." என்று ஆரம்பித்த சென்றாயன், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை யோசிக்கவே இல்லை.

அன்று மாலை நேரலையில் அவன் மூன்று தட்டுத் தட்டினான். நாலாவதும் தட்டினான். கூட்டம் எழுந்து நின்றது. எதிரே நின்ற சீத்தாப்பழக்காரன் முகம் செத்துப்போகும் வரை, இருந்ததிலேயே முற்றிய பிஞ்சைத் தேடித் தட்டினான். தனபால் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுதாகர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் சென்றாயனின் இடத்தில் வேறொருவன் ஆடினான். சென்றாயன் இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டுப் போட்டுக்கொண்டு, துண்டால் மூடியபடி, கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தான். கொல்லிமலை ஒரு புள்ளி எடுத்தது. அரங்கமே கைதட்டியது.

பக்கத்து இருக்கையில் அடிவாரத்துப் பெரியவர் ஒருவர், முகத்தில் கொடி வரைந்துகொண்டு, அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, வெளியூருங்களா? நம்ம மலையில பொறந்த ஆட்டமுங்க இது. ஒரு கை தட்டுனா கொறஞ்சா போயிருவீங்க?"