இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க

சர்க்கரை டப்பா அவர் கையில் இருந்தது. மனைவி ஸ்பூனோடு காத்திருந்தாள். மூடியைத் திருகியதும், வழக்கம்போல வலது முழங்கையின் வெளிப்பக்க முட்டில் சூடான கம்பியைச் சொருகி இழுத்தது போலிருந்தது.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. இங்க வெளிச்சம் போதல.”

“மூடி திறக்க எதுக்குங்க வெளிச்சம்?”

அவர் டப்பாவோடு வீட்டின் பின்பக்கம் போனார். கதவிடுக்கில் மூடியைக் கொடுத்து, டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உடம்பையே திருப்பினார். மூடி திறந்தது. கதவில் விரல் நீளத்துக்கு பெயின்ட் உரிந்தது.

“இந்தா.”

“கதவுல என்ன சத்தம்?”

“காத்து.”

முப்பத்தோரு வருடம் நகரத்துக் குடிநீர் வால்வுகளைத் திறந்து மூடியவர். அவர் கை திரும்பினால்தான் ஏழு தெருவுக்குத் தண்ணீர். ஓய்வு பெற்ற முதல் மாதம் வீட்டில் எதற்கும் அவர் தேவைப்படவில்லை. பேப்பரில் டெண்டர் அறிவிப்பு வரை படித்தார். துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்தார். இரண்டாவது மாதம் மனைவிக்குக் கையில் பிடி விட்டுப்போனது. அன்றிலிருந்து நாளுக்கு ஏழெட்டு முறை சமையலறையிலிருந்து குரல் வரும்: “என்னங்க, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க.”

உடனே எழுந்தால் கௌரவம் என்னாவது? பேப்பரை நிதானமாக மடித்து வைத்துவிட்டுத்தான் போவார். ஆனால் அந்தக் குரலுக்காகத்தான் பேப்பரையே விரித்து வைத்திருந்தார். கை போய்விட்டது என்று சொன்னால் அந்தக் குரலும் நின்றுவிடும்.

அதனால் ஒரு திட்டம் போட்டார். காலையில் அவள் நடக்கப் போகும் அரை மணி நேரத்தில் பதினான்கு டப்பாக்களின் மூடியையும் பைப் ரெஞ்சால் தளர்த்தி வைத்துவிடுவது. அப்புறம் அவள் நீட்டும்போது இரண்டு விரல் போதும்.

முதல் நாள் திட்டம் பலித்தது.

“கை வெச்சதும் திறந்துக்குதே,” என்றாள் அவள். பாராட்டுகிற மாதிரி இல்லை, யோசிக்கிற மாதிரி இருந்தது.

“பழகின கை.”

மறுநாள் மூடிகள் முன்பைவிட இறுகியிருந்தன. அதற்கு மறுநாள் அதைவிட. ரெஞ்சைப் போட்டுத் திருகத் திருக, வலி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இறங்கியது. துண்டைப் பிழிய முடியவில்லை. டம்ளரைத் தூக்கினால் தேநீர் சட்டைக்குப் போனது. ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தார்.

“என்னங்க இது வாசனை?”

“கொசுவுக்கு.”

“கொசுவுக்கு முட்டி வலியா?”

குறட்டை விட்டார்.

நான்காம் நாள், தளர்த்தி வைத்த எண்ணெய் பாட்டிலை அவள் மூடியைப் பிடித்துத் தூக்கினாள். மூடி மட்டும் வந்தது. தரையெல்லாம் எண்ணெய். துடைக்கக் குனிந்தவர் வழுக்கி, அதே முழங்கையை ஊன்றி விழுந்தார். சிரித்துச் சமாளித்தார், கண்ணில் தண்ணீர் வந்ததற்கு எண்ணெய் நெடியைக் காரணம் சொன்னார். சாயங்காலம் சர்க்கரையில் எறும்பு.

“நான் நல்லா இறுக்கித்தானே மூடறேன்,” என்று அவள் தனக்குத்தானே முனகிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மழை வந்து அவள் பாதியில் திரும்பிவிட்டாள். அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே உப்பு ஜாடி, இடது கையில் ரெஞ்சு, வலது முழங்கையில் ஈரத்துண்டுக் கட்டு.

அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு வந்து பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசமா.”

“சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நீ கூப்பிட மாட்டே.”

அவள் துண்டின் கட்டை அவிழ்த்தாள்.

“கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்.”

“முனையில இருக்கே, பிசியோதெரபி கிளினிக். அங்கேயே காட்டிடலாம்.”

“அது வேண்டாம். பஸ் ஏறிப் போனா நல்ல டாக்டர் இருக்காரு.”

“கால் கிலோமீட்டர்ல ஒருத்தர் இருக்கும்போது பஸ் எதுக்கு?”

மழை விட்டிருந்தது. அவள் கூடவே வந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. உள்ளே மூச்சு முட்டுது என்று வெளியே மரத்தடியில் நின்றுகொண்டாள்.

பிசியோதெரபிஸ்ட் அவர் கையை நீட்டச் சொல்லி, “மணிக்கட்டை மேல தூக்குங்க, நான் கீழ அமுக்கறேன்,” என்றார். அவர் தூக்கினார். முகம் கோணியது.

“எலும்புல ஒண்ணுமில்ல. மணிக்கட்டைத் தூக்கற தசையெல்லாம் இந்த முட்டுலதான் வந்து ஒட்டியிருக்கு. இறுக்கிப் பிடிச்சு ஒரே மாதிரி திருகிக்கிட்டே இருந்தா அந்த இடம் நொந்துபோகும். என்ன வேலை பாத்தீங்க?”

“வால்வு. முப்பத்தோரு வருஷம்,” என்றார் பெருமையாக.

“அதை விட்டு?”

“ஏழு மாசம்.”

“வலி வந்து ரெண்டு மாசம்தானே? அப்ப வால்வு மேல பழி போடாதீங்க. வீட்டுல என்ன திருகறீங்க?”

“அவளுக்குக் கையில பிடி இல்ல டாக்டர். எல்லா மூடியும் நான்தான் திறந்து குடுக்கணும். எதை வேணாலும் நிறுத்தறேன். அதை மட்டும் நிறுத்தச் சொல்லிடாதீங்க.”

பிசியோதெரபிஸ்டுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“கையைக் கட்டிப்போட்டுட வேண்டாம். இறுக்கித் திருகறதை மட்டும் கொஞ்ச நாளைக்கு விடுங்க. எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேல பாக்கற மாதிரி தூக்குங்க. முழங்கையில கட்டிக்க ஒரு பட்டை தரேன், பயிற்சி இருக்கு. அவசரப்படாம செஞ்சா ரெண்டு மூணு மாசத்துல தெளிஞ்சுடும். அப்புறம் திறங்க, யார் வேண்டாங்கறா? வீட்டம்மாவைக் கூப்பிடுங்க, அவங்களுக்கும் காட்டிடறேன்.”

அவர் வெளியே போனார். அவள் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள்.

“நீங்களே கேட்டுக்கிட்டு வாங்களேன்.”

“எனக்கு பாதி மறந்துடும். வா.”

இடது கையால் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். பட்டையை எடுத்துக்கொண்டு எதிரே வந்த உதவியாளர் பெண் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நின்றாள்.

“வாங்கம்மா, உங்க முழங்கை இப்ப பரவாயில்லையா? வீட்டுக்காரருக்கு ஒரு வேலை இருக்கட்டும்னு தினமும் எல்லா மூடியையும் இறுக்கி வைப்பேன்னு சொன்னீங்களே, அதை நிறுத்திட்டீங்கதானே?”