மடிப்புக் கோட்பாடும் சிகாமட் விருந்தும்

மனிதனுக்குச் சொந்தமாக வீடு இருக்கலாம், கார் இருக்கலாம். சொந்தமாக ஒரு பிரபஞ்சக் கோட்பாடு மட்டும் இருக்கக் கூடாது. அப்படியே இருந்து தொலைத்தாலும், அதைப் பெண் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு போகவே கூடாது. நான் கொண்டு போனேன்.

அப்போது எனக்குக் கல்யாண வயது. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கூலாயில் வீடு, சினாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலை. மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் கைப்பேசியில் வானியல் காணொளிகள் பார்ப்பேன். (அவை நல்ல மெஷின்கள். நிறையப் பார்த்தேன்.) பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று அதில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. விரிகிறது என்றால் எங்கே விரிகிறது? அங்கே இடம் கொடுத்தது யார்? பள்ளியில் இயற்பியல் தேறாதவன் கேட்கிற கேள்விதான். எனக்கோ, எந்த விஞ்ஞானியும் கேட்கத் துணியாத கேள்வியாகத் தெரிந்தது.

ஒரு மதியம் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் எனக்கு ஞானோதயம் ஆனது. பிரபஞ்சம் விரியவில்லை, மடிகிறது! அது ஒரு வாழை இலை. பால்வீதிதான் நடு நரம்பு. நாம் குடியிருப்பது இந்தப் பக்கத்து ஓரத்தில், அப்பளம் கிடக்கிற இடத்தில். நம் ஓரம் மெல்ல எழும்பி, எதிர்ப்பக்கமாகக் கவிழ்ந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் நட்சத்திரங்கள் விலகுவதுபோல் தெரிகிறது. (அப்படியானால் அவை கிட்ட அல்லவா வர வேண்டும் என்று கேட்காதீர்கள். கவிதா கேட்டாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.)

கவிதா எங்கள் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தாள். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். என் கோட்பாட்டை அல்ல. அவள் அப்பா சிகாமட்டில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சம்மதம் வாங்கித் தட்டு மாற்ற நாள் குறித்தார்கள். முதல் நாளே கவிதா போன் செய்தாள்.

"நாளைக்கு மட்டும் அந்த இலைக் கதய எடுக்காதீங்க லா. அப்பா ஒரு மாதிரி. பிடிக்கலன்னா பிடிக்கலதான்."

"சத்தியமா எடுக்க மாட்டேன்" என்றேன்.

அம்மா காரில் இன்னும் தெளிவாகச் சொன்னார். "அங்க போய் வானம் பூமின்னு ஆரம்பிச்ச, நான் ஹைவேயிலயே இறங்கிக்குவேன்."

நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். கெடுத்தது சிங்கப்பூர்ப் பாலத்து டிராபிக் ஜாம். தட்டு வாங்க வேண்டிய கவிதாவின் தாய்மாமன் அதில் சிக்கிக்கொண்டார். அவர் வரும்வரை பசியோடு எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும், முதலில் சாப்பிடலாம் என்று பந்தி போட்டார்கள். எனக்கு நேர் எதிரே கவிதாவின் அப்பா, வெள்ளை வேட்டியும் சந்தனக் கலர் சட்டையுமாக. பாயசம் வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது.

"தம்பி, வேல நேரம் போக என்ன செய்வீங்க?"

பூப்பந்து விளையாடுவேன் என்று சொல்லியிருக்கலாம். கோயிலுக்குப் போவேன் என்று சொல்லியிருந்தால் இன்னும் விசேஷம். "பிரபஞ்சத்தப் பத்தி யோசிப்பேன் அங்கிள்" என்றேன்.

"யோசிச்சு?"

இந்த ஒரு சொல் போதாதா? அம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். மிதிக்க மிதிக்க எனக்கு வேகம் கூடியது. "இந்த இலைதான் அங்கிள் பிரபஞ்சம். இப்ப பாருங்க, எப்படி மடியுதுன்னு!" என்று சொல்லி, என் பக்கத்து ஓரத்தைத் தூக்கி அவர் பக்கமாகக் கவிழ்த்தேன்.

இலையில் மிச்சமிருந்த ரசம் எந்தக் கோட்பாட்டுக்கும் கட்டுப்படாமல் நேராக அவர் வேட்டிக்குப் போனது. அது சின்ன விஷயம். நல்ல காரியத்தில் சாப்பிட்டால் இலையை நம் பக்கமாக மடிப்போம், உறவு தொடரட்டும் என்று. எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டில்தான். இப்படியொரு சாப்பாடு இந்த வீட்டில் இனி வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். பிரபஞ்சத்தையே புரிந்துகொண்டவனுக்கு இது மட்டும் மறந்துவிட்டது.

பந்தி முழுக்க என் இலையையே பார்த்தது. அத்தோடு போயிருக்கலாம். ஆனால் என் பக்கத்தில் இருந்த சித்தப்பா, இது சிகாமட் வழக்கமாக்கும் என்று நினைத்து, மரியாதைக்காகத் தன் இலையையும் அந்தப் பக்கமாக மடித்தார். அவரைப் பார்த்துச் சித்தி மடித்தார். சித்தியைப் பார்த்து எங்கள் வரிசை மொத்தமும் மடித்தது. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சேர்ந்து, உயிரோடு இருக்கிற மனிதருக்கு எதிரே உட்கார்ந்து, கருமாதிச் சாப்பாட்டை முடித்துவைத்தோம்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆ செங் வாசலில் வந்து நின்றார். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த சீனர்; தமிழ் நன்றாகப் பேசுவார், நம் சடங்குகளும் அத்துப்படி. நல்ல காரியமென்று சிவப்புச் சட்டை போட்டு வந்திருந்தார். மேசையைப் பார்த்தார். முகம் மாறியது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

கவிதாவின் அப்பா எழுந்தார். வேட்டியிலிருந்த கறிவேப்பிலையைத் தட்டிவிட்டார். "தட்ட எடுத்து உள்ள வைங்க. மாமன் வந்தா சாப்பிட்டுட்டுப் போகட்டும். வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

கவிதா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அதுவரை எனக்கு நட்சத்திரங்கள் போவதுதான் கவலையாக இருந்தது. இவள் போய்விடுவாள் என்று தெரிந்ததும் அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் ஆ செங் மறுபடியும் வந்தார். இப்போது வெள்ளைச் சட்டை. தலையைக் குனிந்தபடியே நடந்து, கவிதாவின் அப்பா கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

"அலமாக்... ஐயோ, காலைல கூட ஒண்ணும் சொல்லலியே. தைரியமா இருங்க லா. யாரு போய்ட்டாங்க?"

முதலில் சிரித்தது கவிதா. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், பிறகு சுவரில் சாய்ந்து, உட்கார்ந்து சிரித்தாள். மகள் அப்படிச் சிரிப்பதை அவள் அப்பா சற்று நேரம் பார்த்தார். "யாரும் போகல ஆ செங். சம்பந்தம்தான் போகப் பாத்துச்சு" என்றார். சொல்லும்போதே அவர் வாயும் கோணியது.

கவிதாவின் அம்மா தீர்ப்பு சொன்னார். "எல்லாருக்கும் புது இல போடு. உப்புலேர்ந்து மறுபடி சாப்பிடணும். ஒழுங்கா மடிக்கணும். அப்பதான் தட்டு."

சாப்பிட்டோம். சோறு, சாம்பார், ரசம், பாயசம், எதையும் விடவில்லை. சித்தப்பா பெல்ட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட்டார். ஆ செங்குக்கும் ஓர் இலை. அவர் இன்னொரு முறை போய்ச் சிவப்புச் சட்டை மாற்றி வந்தார். அந்நேரம் வந்து சேர்ந்த தாய்மாமன், எல்லாரும் கண் கலங்கச் சாப்பிடுவதைப் பார்த்து, தன்னால்தான் இவ்வளவு பசி என்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். நாங்கள் மன்னித்தோம். தட்டு மாறியது.

கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்றும் எந்த விருந்திலும் என் கடைசிக் கவளம் வாய்க்குள் போனதும் கவிதாவின் கை நீண்டு, என் இலையை என் பக்கமாக மடித்துவிடும். மாமனார் எதிரே உட்கார்ந்திருந்தால், அது மடிகிறவரை வேட்டியைத் தூக்கிப் பிடித்திருப்பார். விஷயம் தெரியாத பெண்கள் தங்கள் கணவர்களிடம், "பாருங்க, புருஷன் மேல எவ்வளவு பாசம்" என்று காட்டுகிறார்கள்.

துக்க வீட்டுச் சாப்பாட்டில் மட்டும் அவள் என் இலையைத் தொடுவதில்லை. "மடிங்க" என்று காதோடு சொல்வாள். "இங்க நீங்க சொல்றதுதான் சரி."