இமிக்ரேஷன் வரிசையில் இரண்டு முறை நின்றவன்

வெளிநாடு போய்த் திரும்பியவர்கள் எங்கள் பாலக்கோட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரையும் வாங்கிக்கொண்டு, போகாமலேயே திரும்பி வந்தவன் நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு மஸ்கட்டில் லாரி டிரைவர் வேலை கிடைத்தது. அதுவரை பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வழியனுப்ப ஊரே கிளம்பியது (ஊர் என்றால் பதினேழு பேரும் ஒரு கைக்குழந்தையும்). அதே தக்காளி வேனில் சாக்கு விரித்து எல்லோரையும் உட்காரவைத்து, மெட்ராஸ் வரைக்கும் நானே ஓட்டினேன். திரும்பும்போது மச்சான் கோபாலு ஓட்டுவதாக ஏற்பாடு. வழியில் அவன் ஸ்டீயரிங் கேட்டபோதெல்லாம், "வெளிநாட்டு டிரைவர் ஓட்டறான், பாத்துக் கத்துக்கடா" என்றேன்.

மீனம்பாக்கத்தில் மாலை போட்டு, விபூதி பூசி, அழுது, என்னை உள்ளே அனுப்பினார்கள். உள்ளே இமிக்ரேஷன் வரிசை வளைந்து வளைந்து போனது. எல்லோரும் சலித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கோ குஷி தாங்கவில்லை. நகராவிட்டால் என்ன, நிற்பது வெளிநாட்டு வரிசை அல்லவா! முன்னால் நின்றவரிடம் ஊர், பேர், சம்பளம் எல்லாம் விசாரித்தேன். "ரேஷன் கடையில மண்ணெண்ணெய்க்கு நிக்கறதுக்கு இது எவ்வளவோ மேலுங்க" என்றேன். அதன்பிறகு அவர் திரும்பவே இல்லை.

கடைசியில் கவுண்டரில் இருந்த அதிகாரி என் முகத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார் (போட்டோவில் மீசை கிடையாது, வெளிநாட்டுக்குப் போகிறவனுக்கு ஒரு மரியாதை வேண்டுமே என்று பிறகு வளர்த்தது). டப்பென்று முத்திரை விழுந்தது. எனக்கு அது கெட்டிமேளம் மாதிரி கேட்டது.

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் கலங்கியது. கைக்குட்டைக்காகப் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டேன். வேன் சாவி வந்தது.

அதே அதிகாரியிடம் ஓடினேன்.

"சார், வெளியே போய்ட்டு உடனே வந்துடறேனுங்க."

"முத்திரை குத்தியாச்சு. சட்டப்படி நீங்க இப்ப இந்தியாவுலயே இல்ல."

"உங்க முன்னாடிதானுங்களே நிக்கறேன்!"

சாவியை ஆட்டிக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். "குடுங்க" என்று கையை நீட்டினார். சாவியைக் கொடுத்திருந்தால் யாரிடமாவது சொல்லி அனுப்பியிருப்பார். நான் பாஸ்போர்ட்டை அவர் கையில் வைத்துவிட்டுச் சாவியோடு ஓட்டம் பிடித்தேன். பின்னால் அவர் கத்தியதை, 'சீக்கிரம் வாங்க' என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேனுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. விமானம் பார்க்கிற மாடிக்கு மூச்சு வாங்க ஏறினேன். மொத்தக் குடும்பமும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் ஓடுகிற ஒரு விமானத்துக்குக் கையாட்டி அழுதுகொண்டிருந்தது. நல்லம்பள்ளியிலிருந்து வந்திருந்த பெரியத்தை எல்லோரையும் விட உரக்க அழுதாள்.

"யாருக்குங்க கை காட்டறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரர் போறாருங்க" என்றாள் என் மனைவி சாந்தி, திரும்பாமலேயே.

குரலில் அவ்வளவு பெருமை. அந்த நேரம் பார்த்து விமானம் மேலே எழும்பியது. அத்தனை பக்கத்தில் நான் விமானம் பார்த்ததே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என்னை மறந்து நானும் கையாட்டினேன். (அது பெங்களூர் விமானமாம்.)

கையாட்டிக்கொண்டிருந்த என்னைக் கோபாலுதான் முதலில் பார்த்து அலறினான்; எல்லோரும் திரும்பினார்கள். சாவியை அவன் கையில் திணித்துவிட்டுக் கீழே ஓடினேன். வாசலில் காவலர் பாஸ்போர்ட் கேட்டார். அது அதிகாரியிடம் இருந்தது. ஆள் போய்ச் சொல்லி, அவரே வந்து என்னை உள்ளே கூட்டிப்போனார்.

"இப்ப நீங்க மறுபடி இந்தியாவுக்கு வந்துட்டீங்க. வரிசையில நின்னுதான் போகணும்."

வரிசை முன்பைவிட நீளமாகியிருந்தது. இந்த முறை யாருடைய சம்பளத்தையும் விசாரிக்கவில்லை. "மஸ்கட்டுங்க, மஸ்கட்டுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கெஞ்சி முன்னேறினேன். கவுண்டரைத் தொடப்போகும்போது, கண்ணாடியெல்லாம் அதிர ஒரு விமானம் கிளம்பியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, முத்திரையின் மேல் 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாடியில் இரண்டாவது முறையும் அழுது முடித்து இறங்கி வந்த குடும்பம், வேனில் சாய்ந்து நின்ற என்னைப் பார்த்துத் திகைத்தது. அப்பா மட்டும் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்: "ஏண்டா முருகேசா, அதுக்குள்ள லீவு குடுத்துட்டாங்களா?"

கோபாலு ஓட்ட, நான் முன்சீட்டில் சாந்திக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். வேலை போச்சு, மானம் போச்சு. வண்டி ஆம்பூர் தாண்டியது. திடீரென்று சாந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பதறி வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "நீங்களும்தானே கை காட்டுனீங்க!" என்றாள். அப்புறம் வேனே குலுங்கியது.

மஸ்கட் முதலாளி கோபப்பட்டாலும் வேலையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த மாதமே போய்ச் சேர்ந்தேன். ஆனால் அந்தப் பாஸ்போர்ட் தீரும்வரை, போகும்போதும் வரும்போதும் அதிகாரிகள் அந்த 'ரத்து' மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்பார்கள். நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும்.

வீட்டில் இந்தக் கதையை யார் எடுத்தாலும் பெரியத்தை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "ஏரோப்ளேன் ஜன்னல்ல உக்காந்து எனக்குக் கை காட்டுனது எங்க முருகேசன்தான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்பாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "வூட்டுக்குத் திரும்பி வந்தவன் யாருன்னுதான் தெரியல."