உள்ளாள் அனுப்பிய சேதி

கடிகாரம் ரிப்பேர் செய்பவருக்கு டாக்டர் கெடு வைத்துவிட்டார்.

"தினமும் ஒரு மணி நேரம் நடங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்க்கறேன். சர்க்கரை இப்படியே ஏறிட்டிருந்தா கண்ணைத்தான் முதல்ல பிடிக்கும்."

கண் என்றதும் அவருக்குத் தன் அண்ணன் ஞாபகம் வந்தது. அண்ணனுக்கு இதே சர்க்கரையில்தான் பார்வை போனது. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, எறும்பின் கால் போன்ற முட்களைப் பிடித்துப் பிழைக்கிற மனிதர் இவர். நின்றுபோன கடிகாரங்களையெல்லாம் ஓட வைப்பவர், தான் மட்டும் காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும், தையல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியிடம் சபதம் செய்தார்.

"இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து நடக்கப் போறேன்."

"எங்க?"

"கால் போன போக்குல."

"உங்க கால் எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.

தெரிந்துதான் இருந்தது. அவர் கடையிலிருந்து சலூனுக்கு நாற்பத்திரண்டு அடி. கால் அதற்குமேல் போகவில்லை.

கால்பந்து சீசன் முடிந்திருந்த நேரம் அது. ஆட்டம் நடக்கும்போது எல்லோரையும் போல இவர்களும் பார்ப்பதோடு சரி. ஆட்டம் நின்ற பிறகுதான் இவர்கள் ஆட ஆரம்பிப்பார்கள். சலூன்காரர், பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் கம்பவுண்டர், கடிகாரக்காரர் என்று மூன்று பேர். உள்ளூர் டீம் யாரை விற்கிறது, யாரை எடுக்கிறது என்பதை இந்த மூவரையும் கேட்காமலே டீம்காரர்கள் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கோபம் மூவருக்குமே உண்டு.

"கோல்கீப்பரை விட்டுட்டாங்க. இப்ப வலைக்கு முன்னால நிக்க ஆளில்ல, வலை போட்டுத் தேடறாங்க" என்றார் சலூன்காரர்.

"ஸ்ட்ரைக்கர்னு ஒருத்தரைப் பிடிச்சிருக்காங்களே, வயசு முப்பத்தேழாம். அவர் கோல் போடுவாரா, கோல் ஊன்றுவாரா?" என்றார் கம்பவுண்டர்.

"அனுபவம்யா. பழைய கடிகாரம்தான் சரியான நேரம் காட்டும்" என்றார் கடிகாரக்காரர்.

"எந்தப் பழைய கடிகாரம்? உங்க கடையில ரிப்பேருக்கு வர்றதெல்லாம் எது?" என்று மடக்கினார் சலூன்காரர்.

இப்படியே ஒரு மணி நேரம் ஓடிவிடும். இவர்தான் ஓடமாட்டார். பேச்சு சூடு பிடித்தால் சலூன்காரருக்குக் கை சும்மா இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைத் தன்னையறியாமல் மழித்துவிடுவார். பதினைந்து நாளில் கடிகாரக்காரருக்குப் பதினைந்து சவரம் ஆகியிருந்தது.

"நடந்துட்டு வர்ற மனுஷன் மேல பவுடர் வாசனை அடிக்குதே" என்றாள் மனைவி.

"காத்து அப்படி."

"மீசை கூடக் காத்துல ஒரு பக்கம் குறைஞ்சிருக்கு."

அவர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.  அவள் சண்டை போட்டிருந்தால் அவர் உஷாராகியிருப்பார். அவள் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து, மூவரும் டீம் செய்திகளுக்காக வைத்திருந்த போன் குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். பெயர் 'உள்ளாள்'.

"என் வீட்டுக்காரி கொடுத்த நம்பர். டீமோட விவரமெல்லாம் தெரிஞ்ச ஆளாம். பேரைச் சொன்னா வேலை போயிடுமாம், அதனால கேக்காதீங்க" என்றார் சலூன்காரர்.

மறுநாளே முதல் சேதி வந்தது. 'இன்று மாலை ஐந்தரைக்குப் பயிற்சி மைதானத்தின் பின்வாசலுக்குப் புது கோல்கீப்பர் வருகிறார். வண்டியில் வர வேண்டாம். வண்டியைக் கண்டால் காவலாளி விரட்டுவார்.'

மைதானம் இரண்டரை கிலோமீட்டர். மூவரும் நடந்தார்கள். கடிகாரக்காரர் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கினார். போய்ச் சேர்ந்தபோது மணி ஆறேகால். பின்வாசலில் ஒரு பூனை மட்டும் வெளியே வந்தது.

அன்று இரவு சேதி வந்தது: 'நேரத்துக்கு வரவில்லையே. அவர் போய்விட்டார். நாளை டிஃபண்டர் வருகிறார். வேகமாக வரவும்.'

மறுநாள் வேகமாகப் போனார்கள். டிஃபண்டர் வரவில்லை. அதற்கடுத்த நாள் ஸ்ட்ரைக்கர் வரவில்லை. பயிற்சியாளர் ஒரு வாரம் தொடர்ந்து வரவில்லை. ஒருநாள் பின்வாசல், ஒருநாள் முன்வாசல். முன்வாசலுக்கு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போகும்போதும் வரும்போதும் பேச்சுக்குக் குறைவில்லை. இடது பக்க ஆட்டக்காரரை எந்த டீமிலிருந்து இரவல் வாங்கலாம் என்பதைப் பேசி முடிக்க மட்டும் நான்கு நாள் ஆனது.

பத்திரிகையில் உண்மையான பெயர்கள் வர ஆரம்பித்தன. உள்ளாள் சேதிகளில் சொன்ன பெயர்களில் ஒன்றுகூட அதில் இல்லை. கம்பவுண்டருக்குச் சந்தேகம் வந்தது.

"அந்த ஆளு நம்மளை ஏய்க்கிறாரோ?"

"உள்ளாள் சொன்னது தப்பில்ல. டீம்தான் கடைசி நேரத்துல மனசை மாத்திக்குது" என்று சண்டைக்குப் போனார் கடிகாரக்காரர்.

வீட்டிலும் அவர் பெருமை தாங்க முடியவில்லை. "புது ஸ்ட்ரைக்கர் யாருன்னு ஊருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்" என்பார்.

"யாருங்க?"

"சொன்னா உனக்குப் புரியாது."

"அதுவும் சரிதான்" என்று அவள் தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

மூன்று மாதம் முடிந்தது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார்.

"நல்லா இறங்கியிருக்கு. கண்ணும் சுத்தமா இருக்கு. எப்படிங்க சாதிச்சீங்க?"

"மன உறுதி டாக்டர்" என்றார் அவர். பக்கத்திலிருந்த மனைவி இருமினாள்.

வெளியே பெஞ்சில் அவளோடு உட்கார்ந்தபோது அவருக்கு மனம் நிறைந்திருந்தது. யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்துக் குழுவில் எழுதினார்: 'உள்ளாள் ஐயா, உங்கள் புண்ணியத்தில் என் சர்க்கரை குறைந்தது. மிக்க நன்றி.'

மனைவியின் பைக்குள் 'டிங்' என்றது.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்தார். இன்னொரு முறை 'நன்றி' என்று அனுப்பினார். பை இன்னொரு முறை 'டிங்' என்றது. அவர் பையைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த பல் விளக்கும் முறைப் படத்தை உன்னிப்பாகப் பார்த்தாள்.

"நீயா?"

"பரவாயில்லைங்க, நன்றியெல்லாம் எதுக்கு" என்றாள்.

இத்தனை நாள் அவர் தேடிய உள்ளாள் அவருடைய இல்லாள்தான்.

"உனக்கு ஆட்டக்காரங்க பேரெல்லாம் எப்படித் தெரியும்?"

"நான் தைக்கப் போற இடத்துலதானே டீமுக்குச் சட்டை தயாராகுது. முதுகுல பேரும் நம்பரும் தைக்கிறது நான்தான். யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு எங்களுக்குத்தான் முதல்ல தெரியும்."

"இந்த மூணு மாசமாவா?"

"நாலு வருஷமா."

அவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்ன தைக்கறேன்னு நீங்க கேட்டதில்லையே. அதோட, டீம் விஷயத்தை வெளியில சொல்லக்கூடாதுன்னு முதலாளியம்மா கண்டிஷன். உண்மையைத்தானே சொல்லக்கூடாது? அதனால தினமும் டீ குடிக்கிற நேரத்துல யோசிச்சு, எந்தப் பேர் நிச்சயமா இல்லையோ அதைப் பார்த்து, சலூன்காரர் சம்சாரம் வாங்கிக் கொடுத்த புது நம்பர்லேர்ந்து அனுப்பினேன்."

"அவ்வளவும் பொய்யா?"

"சுத்தமான பொய்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க அண்ணனுக்குக் கண்ணு போனப்போ குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதீங்க. சத்தம் கேக்காதுன்னு நினைச்சீங்க. எனக்குக் கேட்டுது."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தது. இத்தனை வருஷத்தில் அதை அவர் தொட்டுப் பார்த்ததில்லை.  எந்தப் பிறவியில் செய்த புண்ணியமோ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். நண்பர்களிடம் மூச்சு விடுவதில்லை என்றும் முடிவு செய்தார்.

ஆனால் நன்றி வேறு, ஏமாறுவது வேறு. மறுநாள் மதியம் சேதி வந்தது: 'இன்று மாலை ஐந்தரை. பின்வாசல். புது கோல்கீப்பர் வருகிறார்.'

அவர் சிரித்துக்கொண்டார். கடையை நேரத்தோடு சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாய்ந்தார். கம்பவுண்டர் போனில் கூப்பிட்டார். கால் வலி என்று சொல்லி வைத்துவிட்டார். பாவம், அந்த இரண்டு அப்பாவிகளும் பூனையைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தபோது சுகமாக இருந்தது.

ஆறு மணிக்குக் குழுவில் ஒரு படம் வந்தது. நடுவில் ஆறடி மூன்றங்குல உயரத்தில் புது கோல்கீப்பர். ஒரு தோளில் சலூன்காரர், ஒரு தோளில் கம்பவுண்டர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால், கையில் அளவு நாடாவோடு அவர் மனைவி நின்றிருந்தாள்.

ஏழு மணிக்கு அவள் வந்தாள். பையிலிருந்து ஒரு ஜெர்சியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். முதுகில் அவர் பெயரை அவளே தைத்திருந்தாள். கீழே கோல்கீப்பரின் கையெழுத்து. போட்டுப் பார்த்தார். வயிற்றில் பிடிக்காமல் அழகாக இறங்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஆற்றாமை விடவில்லை.

"நிஜமாவே வர்றாருன்னு என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"இன்னிக்குச் சொல்லலாம்னு முதலாளியம்மா அனுமதி கொடுத்தாங்க, சொன்னேனே" என்றாள் அவள். "பொய் சொன்னா நடக்கறீங்க, உண்மையைச் சொன்னா உக்காந்துடறீங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"