தக்காளிச் செடி கூப்பிட்ட ஆட்கள்

அன்புமிக்க மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. அங்கே நீங்களும் என் மகளும் சுகம்தானே? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் நேற்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து கிடந்து அடித்துக்கொள்கிறது.

முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலை வாசலில் காவல் இருந்தவன் நான். "யாரு? யாரைப் பார்க்கணும்? சீட்டு இருக்கா?" என்ற மூன்று கேள்விக்குப் பதில் சொல்லாமல் முதலாளியின் சொந்த மச்சான்கூட உள்ளே போனதில்லை. ஓய்வு பெற்றதும் மொட்டைமாடியில் பதினான்கு தக்காளிச் செடி வைத்துக் கண்ணும் கருத்துமாக வளர்த்தேன், பச்சைப் புழு வந்து இலையை மென்று தள்ளியது, மாடி முழுக்கக் கசக்கிய இலை வாசம், மறுநாளே பொடிப்பொடியாகக் குளவிகள் கும்பலாக வந்து இறங்கின. இதுங்களை யார் கூப்பிட்டது? கொசு மட்டையை எடுத்து விளாசிவிட்டேன். போன வாரம் பார்த்தால் சில புழுக்களின் முதுகில் அரிசி ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக! அடப்பாவிகளா, முட்டை போட்டுக் குடும்பமாகவே குடியேறப் பார்க்கிறீர்களா என்று அந்தப் புழுக்களைப் பொறுக்கி பிஸ்கட் டப்பாவில் அடைத்து, "கொதிக்கிற தண்ணிய ஊத்து" என்று உங்கள் மாமியாரிடம் கொடுத்தேன்.

பூச்சி ஆராய்ச்சி செய்கிற மாப்பிள்ளை மெச்சுவார் என்றுதான் நேற்று போன் போட்டேன். நீங்களோ, "மாமா, புழு கடிச்சா செடி ஒரு வாசம் விடும். அதை வச்சுதான் குளவி தேடி வந்து புழுவுக்குள்ள முட்டை போடும். நீங்க பார்த்த வெள்ளை, உள்ள இருந்து புழுவைத் தின்னு வெளிய வந்த குளவிக் குஞ்சு கட்டின கூடு. அதுங்க நம்ம ஆளுங்க மாமா" என்றீர்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயில்லாத செடி உதவிக்கு ஆள் கூப்பிடுமா? கூப்பிட்டு வந்த ஆளை நானே வாசல்ல வச்சு அடிச்சுட்டேனா? ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் மாப்ள! சோறு இறங்கல, செடிங்க முகத்துல முழிக்கவே கூசுது. பதினாலுல ஒன்பது வெறும் குச்சியா நிக்குது, மிச்ச அஞ்சுலயும் புழு மேயுது. உங்க மாமியார் கறாரா சொல்லிட்டா, "ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தக் குப்பையெல்லாம் கீழ இறங்கணும், எனக்குத் துணி காயப்போட இடம் வேணும்"னு. நானும் சரின்னுட்டேன். ஆள் தெரியாத காவல்காரனுக்குச் செடி எதுக்கு? ஒரு வண்டியோட வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. அதுங்க உங்க கையிலயாவது பிழைக்கட்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி, என்னைப் போல அவசரக் கை இல்லாமல், நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: வண்டி வேண்டாம். உங்கள் மாமியார் வெந்நீர் ஊற்றவே இல்லையாம்! "எனக்கு மனசு வரல" என்று டப்பாவின் மூடியைத் திறந்து மாடி மூலையில் வைத்துவிட்டாளாம். இன்று காலை குளவிகள் கூட்டை விட்டு வந்து ஐந்து செடியையும் சுற்றுகின்றன. பார்க்கலாம் என்று ஓடினேன். மாடிக் கதவை மறித்து நிற்கிறாள், கையில் என் கொசு மட்டை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்:

"யாரு? யாரைப் பார்க்கணும்? சீட்டு இருக்கா?"