நாலாம் மாடியில் நிற்காத லிஃப்ட்

மனிதகுலம் நெருப்பைக் கண்டதற்கு அடுத்தபடியாகச் செய்த மகத்தான காரியம், அந்த அலுவலகம் 'பெயர் மீட்பு உயர்நிலைக் குழு' அமைத்ததுதான்.

லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்கும், நாலாம் மாடி தவிர. அங்கே இருப்பது புகார்ப் பிரிவு. மூட்டுவலிக்காரர்கள் பாதிப் படியிலேயே மனம் திருந்தி இறங்கிவிடுவார்கள். புகார்கள் தொண்ணூறு சதவீதம் குறைந்தன. இயக்குநருக்குக் கேடயம் கிடைத்தது. கேடயம் கொடுக்க வந்த தலைமையகத்துப் பெரியவர் நாலு மாடி ஏறி மூச்சு வாங்கிய பிறகுதான் லிஃப்ட் அங்கே நிற்காதது 'பழுது' ஆயிற்று. லிஃப்டுக்கு நிரல் எழுதியவரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அவர் எழுதிய மூலப்பிரதி அன்றே 'தவறுதலாக' அழிந்தது. மிஞ்சியது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கடித்துத் துப்பிய இயந்திரப் பிரதி மட்டும்.

அவருடைய தங்கையும் அங்கேதான் நிரலாளர். வீட்டில் அண்ணன் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. குழுவில் அவளே கேட்டுச் சேர்ந்தாள்.

இயந்திரப் பிரதியில் சிதைந்த பெயர்களை மீட்டுப் பழுதைக் கண்டுபிடிக்கத் தரைத்தளத்தில் குழு கூடியது. தலைவர், வேறு யார், இயக்குநரேதான்.

"சார், நிரல்ல ஒவ்வொரு வேலைக்கும் அண்ணன் ஒரு பேரு வச்சிருப்பாரு. கம்பைலர் அதைச் சுருட்டி, நடுவுல, அடுத்த சொல்லுக்கு எத்தனை எழுத்துன்னு ஒரு எண்ணைச் சொருகிடுச்சு. எண் சொல்ற அளவுக்கு எழுத்தைப் பிரிச்சாப் போதும். பத்து நிமிஷம்" என்றாள் தங்கை.

"பத்து நிமிஷமா! அப்போ குழுவோட கௌரவம் என்னாகிறது?"

மூன்று மாதம் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. 'பெயர் என்றால் என்ன' என்பதற்கே நாலு அமர்வுகள் போயின. மீட்ட பெயர்களைக் கடைசி அமர்வில் அவள் படித்தாள்.

"கதவைத் திற. விளக்கைப் போடு. மணி அடி." எல்லோரும் பலே என்றார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நாலாம் மாடியில் நிறுத்தாதே, இயக்குநர் வாய்மொழி உத்தரவு, எழுதிக் கேட்டேன் தரவில்லை."

டீக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன.

"பேரை மீட்கச் சொன்னேனே ஒழிய, படிக்கச் சொன்னேனா?" என்றார் இயக்குநர்.

"எங்க அண்ணன் வேலையைத் திருப்பிக் குடுங்க சார்."

"குறை இருந்தா முறைப்படி புகார்ப் பிரிவுல குடும்மா."

விறுவிறுவென்று படியேறினாள். நாலாம் மாடிக் குமாஸ்தா அலறியடித்து எழுந்து நாற்காலியின் தூசி தட்டினார்.

"வாம்மா, வா! இந்த மாசத்துல நீதான் முதல் ஆளு. லிஃப்ட் மேலதானே புகார்?"

"இல்லண்ணே. லிஃப்ட் சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. சொன்னவர் மேல எழுதுங்க."