மஞ்சள் பூசிய இரும்புக் கால்கள்

நகரி
18.6.2003

சிரஞ்சீவி கோபிகிருஷ்ணனுக்கு நைனா வேதாச்சலம் ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நான்கு தறிகளும் சுகம். ஷார்ஜாவில் வெயில் எப்படி?

அம்மாவுக்கு நீ எழுதிய கடிதத்தைத் தற்செயலாக மூன்று முறை படித்தேன். புதுத் தறிக்கொட்டகைக்குச் சதுரக் குழாய் போடுவதானால், பழுக்கக் காய்ச்சிச் செய்ததைக் கால்களுக்கும், சூடு காட்டாமல் மடித்ததைக் கூரைக்கும் வைக்கச் சொல்லியிருந்தாய். குழாய் ஆலையில் வேலை செய்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ரேணிகுண்டாவில் இரண்டு ரகமும் வாங்கி, எல்லாவற்றுக்கும் சிவப்பு பெயிண்ட் அடித்து, காய்ச்சியதில் மட்டும் சாக்பீஸால் கோடு போட்டுவைத்தேன். கால் நடுகிற அன்று காலையில் உன் அம்மா, பந்தக்காலுக்குச் செய்வதுபோல ஒன்று விடாமல் கழுவித் துடைத்து மஞ்சள் பூசிவிட்டாள், கோடெல்லாம் போச்சு, எது எதுவென்று கேட்டால் வெல்டர் கன்னையா சிரிப்பானே என்று நான் பாட்டுக்கு நாலைக் கைகாட்டிவிட்டேன், அவனும் மூன்றை நட்டுவிட்டு, நாலாவதில் தகடு செருக அடிப்பக்கத்தை நீளவாக்கில் அறுத்தான், அந்தக் குழாய் படக்கென்று வாயைத் திறந்துகொண்டது.

கன்னையா அதன் மூலையைத் தடவிப் பார்த்தான். "இது சூடு காட்டாம மட்ச்சதுண்ணா. உள்ள கோவத்த வெச்சிக்கினு கீது. அறுத்தா தொறந்துக்கும். மூலையில வெல்டு வெச்சா விரிசல் வுட்டாலும் வுடும். காய்ச்சினதுக்கு அந்தக் கோவம் கெடையாது, மூலையும் கூரா இருக்கும்" என்றான். நட்ட மூன்றையும் தடவினோம். இரண்டில் மூலை உருண்டைதான். அப்படியானால் பலம் இல்லையா என்று கேட்டேன்.

"பலம் ஜாஸ்திதான். வளைஞ்சு குடுக்காது, அவ்ளோதான்."

அம்மா குழாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். தறியை விட்டுப் போனால் இந்தப் படி ஏறாதே என்று மூன்று வருஷத்துக்கு முன் உன்னிடம் சொன்னவன் நான்தானே. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தப்பான இரண்டையும் பிடுங்கியாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை சரியானதை நட்டுவிடுவோம். இதற்காக நீ லீவு போட்டு வரவேண்டியதில்லை, எங்களால் முடியும். வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் நன்மையை நினைக்கும் நைனா
வேதாச்சலம்

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்ததில் வெள்ளிக்கிழமை போய்விட்டது. கால் நடவில்லை. வந்த கன்னையாவை நான்தான் திருப்பி அனுப்பினேன். என் கைக்கு எல்லா மூலையும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. நீ தடவிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நடுவேன். லீவு போடு. படி ஏறி வா.